கொக்கிக்குப் பின்னால் ஓர் உயிர்

அகிலேஷ் கேட்டதெல்லாம் மிகச் சாதாரணமான விஷயங்கள்தான். குளிரூட்டிய படுக்கையறை ஒன்று. நின்றபடி குளிக்க ஓர் அறை. காப்பி இயந்திரம் ஆடாமல் நிற்க ஒரு மேடை. செருப்புகளுக்குத் தனி அலமாரி. அப்புறம் நவாப்புக்கு ஒரு படுக்கை.

நவாப் என்பது நாய்.

"அவனுக்கு இடுப்புல கொஞ்சம் ப்ராப்ளம் மேடம். மெத்தை நல்ல ஃபோமா போடுங்க. கோயம்புத்தூர்லேர்ந்து ஆறு மணி நேரம் உட்கார்ந்து வரணும் பாருங்க, பாவம்."

கோமளவல்லி எழுதிக்கொண்டாள். கரூரில் இருபது வருஷமாக வண்டிகளுக்குப் பாடி கட்டுகிறவள். முன்பெல்லாம் பஸ் கட்டினாள். இப்போது பஸ்ஸில் போகிறவர்கள் கட்டச் சொல்வதில்லை. பஸ்ஸில் போகாதவர்கள் வீட்டைச் சக்கரத்தில் வைத்துக் கட்டச் சொல்கிறார்கள். அதற்குப் பெயர் கேம்பர்.

சாலையில் மனிதன் கையால் வண்டி ஓட்டக் கூடாது என்று சட்டம் வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. எல்லா வண்டியும் தானாக ஓடும். முன்பக்கம் ஒரு கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருக்கும், அதுதான் மூளை. ஊரே அதைப் பெட்டி என்றுதான் சொல்லும். மனிதன் தன் கையால் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டுமென்றால், மலைக்கு அந்தப் பக்கம் வேலி போட்டுச் சேறும் பாறையும் நிரப்பி வைத்திருக்கும் மைதானங்களுக்குத்தான் போக வேண்டும். காசில்லாதவன் சேற்றில் இறங்கினால் அது தலையெழுத்து. காசுள்ளவன் இறங்கினால் ஆஃப்ரோடு.

அகிலேஷிடம் அறுபத்தைந்து வருஷத்துப் பழைய ஜீப் ஒன்று இருந்தது. பெட்டி இல்லாத வண்டி, ஆகவே சாலையில் ஓடக் கூடாது. கேம்பரின் வாலில் கொக்கி போட்டு, ட்ரெய்லரில் ஏற்றித்தான் இழுத்துப் போக வேண்டும். கேம்பர், கொக்கி, ட்ரெய்லர், மூன்றையும் சேர்த்து ஒரே கையில் கட்டித் தருகிறவர்கள் தமிழ்நாட்டில் நாலு பேர். அதில் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போனை எடுக்கிறவள் கோமளவல்லி ஒருத்திதான்.

"ஜீப்பை நீங்களே ஓட்டுவீங்களா சார்?" என்று கேட்டாள்.

"பின்னே?" என்றான் அகிலேஷ்.

அவன் மனைவி ரிதன்யா ஜன்னல் திரைத் துணிகளைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்: "போட்டோவுல ஓட்டுவார். பள்ளத்துல மாரப்பன் ஓட்டுவான்."

மாரப்பன் பட்டறை வாசலில் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். ஐம்பத்திரண்டு வயது. அகிலேஷின் அப்பா காலத்தில் சேர்ந்தவன். சாலையில் ஓட்டத் தடை வந்தபோது மற்ற டிரைவர்கள் எல்லாம் காவல் வேலைக்கும் காய்கறி வண்டிக்கும் போக, இவன் மட்டும் ஜீப்போடு ஜீப்பாக மிஞ்சினான்.

கோமளவல்லி வரைபடத்தைப் பார்த்தாள். தம்பதிக்கு இரண்டு படுக்கை, விருந்தாளிக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று.

"டிரைவர் எங்கே படுப்பார்?"

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கழிவறைக் குழாய் எங்கே போகும் என்று கேட்டாற்போல ஒரு சங்கடம்.

"ஜீப்புலதான்," என்றான் அகிலேஷ். "வர்றதும் அதுலதான், படுக்கிறதும் அதுலதான். அவனுக்கு அதுதான் சௌகரியம். ஏசி ஒத்துக்காது."

மாரப்பனுக்கு ஏசி ஒத்துக்காது என்ற செய்தி மாரப்பனுக்கு இதுவரை எட்டவில்லை.

மறுநாள் ஜீப்பை அளவெடுக்க அவனை மட்டும் வரச் சொன்னாள் கோமளவல்லி. அளவெடுத்து முடித்ததும் சாக்பீஸை எடுத்துத் தரையில் இரண்டு கட்டம் போட்டாள். நடுவில் ஒரு வளைவு.

"அண்ணா, இது கேம்பர், இது ட்ரெய்லர். நடுவுல இருக்கறது கொக்கி. இந்தக் கொக்கியக் கழட்ற அதிகாரம் பெட்டிக்கு இருக்குது, தெரியுமுங்களா?"

"எதுக்குங்க அம்மிணி கழட்டோணும்?"

"இறக்கத்துல போறப்ப ட்ரெய்லர் வால் ஆட ஆரம்பிச்சு முன் வண்டியத் தள்ளுச்சுன்னு வைங்க. பெட்டி கணக்குப் பாக்கும். முன்னாடி நாலு படுக்கை பதிவாகி இருக்குது. பதிவானா உயிர். நாயும் பதிவு, அதுக்கு மருத்துவச் சீட்டெல்லாம் இருக்குது. பின்னாடி இருக்கறது சரக்கு. உயிரக் காப்பாத்தச் சரக்க விட்டுரும். கண்ணு சிமிட்டறதுக்குள்ள."

மாரப்பன் சாக்பீஸ் கோட்டையே பார்த்தான். "விட்டா?"

"பள்ளத்துக்குப் போகும்."

"ஜீப்புங்களா?"

"ஜீப்பும், உள்ள இருக்கறவரும்."

அவன் கையிலிருந்த டீயை ஒரு மடக்குக் குடித்தான். பிறகு அவளுக்கு ஆறுதல் சொல்வது போலச் சொன்னான்: "ஜீப்புக்கு இன்சூரன்ஸ் இருக்குதுங்க."

கோமளவல்லி சிரிக்கவில்லை. போன வருஷம் அவள் கட்டிய ட்ரெய்லர் ஒன்றைப் பெட்டி இப்படித்தான் கழற்றிவிட்டது. மேலே ஒரு மோட்டார் படகு இருந்தது. படகுக்குள் அந்த வீட்டுச் சமையல்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். அறிக்கையில் 'பொருட்சேதம் மட்டும், உயிர்ச்சேதம் இல்லை' என்று எழுதினார்கள். சரக்கில் மனிதன் ஏறக் கூடாது என்பது சட்டம், ஆகவே ஏறவில்லை. பெட்டி செம்மையாக வேலை செய்ததென்று கோமளவல்லிக்குப் பாராட்டுக் கடிதம் ஒன்றும் வந்தது. அதை அவள் வெல்டிங் மேஜைக்கு அடியில் செருகி வைத்திருந்தாள்.

"வேலைய விட்டுருங்கண்ணா."

"விட்டுட்டு?" மாரப்பன் டீ டம்ளரைக் கவிழ்த்தான். "எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுங்க. ஸ்டியரிங்கப் பிடிக்கறது. இந்தச் சில்லாவுல அது இருக்கற ஒரே எடம் இந்த ஜீப்பு. பள்ளத்துல எறங்கி மேல ஏத்தறப்ப ஒரு உறுமல் உறுமும் பாருங்க, அதுக்காகவே மாசம் பூராவும் காத்துக் கெடப்பேன். போனாப் போவுதுங்க."

"உயிருங்களா?"

"வேறென்ன இருக்குது போறதுக்கு."

கோமளவல்லி விடுகிற ரகமில்லை. செருப்பு அலமாரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மடக்குப் படுக்கை ஒன்றைப் போட்டு வரைபடத்தைத் திருத்தி அனுப்பினாள். ரிதன்யாவே போனில் வந்தாள். குரல் தேன்.

"கோமளா மேடம், உங்க அக்கறை எனக்குப் புரியுது. நாங்களும் மனுஷங்கதான். ஆனா ஒரே கூரைக்குக் கீழன்னா அவனுக்கே கூச்சமா இருக்கும். தண்ணி பாட்டில்கூடத் தனியா வெச்சுக்குவான், அவ்வளவு டீசென்ட். அவனைக் கஷ்டப்படுத்த வேண்டாமே."

பதினெட்டு ஜோடி செருப்புகளுக்கு எந்தக் கூச்சமும் இருக்கவில்லை. அவை உள்ளேயே இருந்தன.

அடுத்து அங்கீகார அலுவலகம். அங்கே வண்டிகளுக்கு முத்திரை போடும் அதிகாரி திருவரங்கன். நேர்மையானவர். லஞ்சம் வாங்க மாட்டார், பதிலும் சொல்ல மாட்டார்.

"ட்ரெய்லர்ல ஒரு படுக்கை பதிவு பண்ணணும் சார். மனுஷனுக்கு."

"ட்ரெய்லர்ல மனுஷன் ஏறக் கூடாதும்மா."

"ஏறுவாங்க சார். எல்லா வீட்டுலயும் ஏறறாங்க."

"ஏறினா தப்பு. தப்பை எப்படிம்மா பதிவு பண்றது?" அவர் படிவத்தைத் திரையில் தள்ளிக் காட்டினார். "பாருங்க. ட்ரெய்லர்ல என்ன போகும்? வாகனம், படகு, தளவாடம், தானியம், கால்நடை. மனுஷன்னு வரியே இல்ல. இல்லாத வரியில நான் எங்கே டிக் போடுவேன்?"

கோமளவல்லி எழுந்திருக்கப் போனவள் உட்கார்ந்தாள்.

"கால்நடைன்னா, பெட்டி கழட்டி விட்டுருமா சார்?"

"சாதாரண ஆடு, கோழின்னா விட்டுரும். நாட்டு மாடுன்னா முடியாது. காங்கேயம், பர்கூர், உம்பளாச்சேரி இதெல்லாம் பாதுகாக்கப்பட்ட இனம். காதுல வில்லை இருக்கும், நாடித் துடிப்பு பெட்டிக்குத் தெரியும். துடிப்பு இருக்கற வரைக்கும் எந்தப் பெட்டியும் கொக்கியத் தொடாது. தொட்டா பெட்டி செஞ்ச கம்பெனிக்காரன் உள்ளே போவான்." அவர் பெருமையோடு நிமிர்ந்தார். "அந்த விஷயத்துல நம்ம சட்டம் ரொம்பக் கறார்."

அன்று சாயங்காலம் கோமளவல்லி நேராகக் காங்கேயத்துக்குப் போனாள். அவள் மாமனார் வீட்டில் மயிலைக் காளை ஒன்று போன மாதம் வயசாகிச் செத்துப்போயிருந்தது. காது வில்லையை இன்னும் ஒப்படைக்கவில்லை. ஒப்படைக்க மூன்று படிவம் நிரப்ப வேண்டும்; மாமனாருக்குக் காளையை வளர்த்ததே அதைவிடச் சுலபமாக இருந்தது.

ரூபாய் அகலத்தில் மஞ்சள் வில்லை. மாரப்பன் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"காதுல மாட்டோணுங்களா?"

"வேண்டாங்கண்ணா. சட்டையோட உள் பையில, நெஞ்சு மேல படறாப்புல வெச்சுக்குங்க. துடிப்பு தெரிஞ்சாப் போதும்."

"அப்ப நானு மாடு."

"பெட்டிக்கு மட்டும்."

"மத்தவங்களுக்குப் பெருசா வித்தியாசம் இருக்காதுங்க," என்றான் மாரப்பன். வில்லையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பிறகு எதையோ யோசித்து வெளியே எடுத்தான். முகம் சுருங்கியிருந்தது. "அம்மிணி, தப்பா நெனைக்காதீங்க. நாயி நாயின்னே பதிவாகுது. செருப்புக்குச் செருப்புன்னு எடம். மனுஷன் மட்டும் மாடுன்னு பொய் சொல்லோணுமா?"

கோமளவல்லிக்குச் சுருக்கென்றது. "இந்த ஒரு தடவை போட்டுக்குங்கண்ணா. அதுக்குள்ள நான் உங்களுக்கு மனுஷன்னே ஒரு வரி வாங்கித் தர்றேன். சத்தியமா."

அவன் வில்லையை மறுபடி பைக்குள் போட்டான்.

முதல் பயணத்தில் கட்டினவரும் கூட வர வேண்டும் என்பது தொழிலில் வழக்கம். விருந்தாளிப் படுக்கை கோமளவல்லிக்குக் கிடைத்தது. காலை எட்டு மணிக்குக் கேம்பர் புறப்பட்டது. பெட்டியின் குரல் கனிவாக அறிவித்தது: "பயணிகள் மூவர். நாய் ஒன்று. பின்னால் வாகனம் ஒன்று, காளை ஒன்று. இனிய பயணம்."

காப்பி இயந்திரம் அந்த நேரம் பார்த்துச் சீறியதால் அகிலேஷ் காதில் காளை விழவில்லை. கோமளவல்லி காப்பி இயந்திரத்துக்கு மனசுக்குள் நன்றி சொன்னாள்.

மலை உச்சி வரைக்கும் ஒரு குறையுமில்லை. உச்சியில் நாலு கடைகள் இருந்த ஒரு திருப்பத்தில் வண்டி ஓரங்கட்டி நின்றது. மணி பன்னிரண்டு.

"நான்கு மணி நேரம் நிறைவு," என்றது பெட்டி. "காளைக்கு ஒரு மணி நேர ஓய்வு. தண்ணீர் காட்டவும்."

ரிதன்யா நிமிர்ந்தாள். "எந்தக் காளை?"

கோமளவல்லி இதை எதிர்பார்க்கவில்லை. காளையைக் கழற்றிவிடக் கூடாது என்ற விதியைப் படித்தவள், காளைக்கு வேறு என்னென்ன விதி உண்டு என்று படிக்க மறந்திருந்தாள். இருபது வருஷம் வண்டிக்கு மட்டுமே பாடி கட்டினால் இப்படித்தான். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். படகு, சமையல்காரர், கொக்கி, காது வில்லை.

அகிலேஷ் பொறுமையாகக் கேட்டான். முகம் சிவந்துகொண்டே வந்தது.

"என் வண்டியில, என்கிட்டக் கேட்காம, என் டிரைவரை மாடாக்கி இருக்கீங்க."

"கேட்டேன் சார். படுக்கை கேட்டேன்."

"மூணு மணிக்கு எனக்கு மைதானத்துல ஸ்லாட் இருக்கு. முதல்ல அந்த வில்லையைத் தூக்கிப் போடச் சொல்லுங்க."

பெட்டி குறுக்கிட்டது. "காளையை நடுவழியில் இறக்க, கால்நடை மருத்துவர் சான்று தேவை. சான்று இல்லாவிட்டால் வண்டி நகராது."

அகிலேஷ் பெட்டியைப் பார்த்தான். பெட்டிக்குப் பார்வை கிடையாது. அந்த விஷயத்தில் அதற்கே லாபம்.

ஒரு மணி நேரம் என்ன செய்வது? ரிதன்யா கடைத்தெருவுக்குள் போனாள். கோமளவல்லி ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துக்கொண்டு மாரப்பனிடம் நடந்த கதையைச் சொல்லப் போனாள். ஜீப்புக்குள் காலை நீட்டிப் படுத்திருந்தவன் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான். பிறகு, "ஒரு மணி நேரமுங்களா? எனக்காகவா?" என்று இரண்டு தடவை கேட்டான். இரண்டாவது தடவை சிரிப்பு இல்லை.

அவள் சாப்பிடப் போன இடைவெளியில்தான் ஒரு கல் தொட்டி வந்து சேர்ந்தது. பழைய காலத்துக் கருங்கல் தொட்டி. வீட்டு முற்றத்தில் தாமரை வளர்க்க ரிதன்யா வாங்கிவிட்டாள். முந்நூறு கிலோ. கடைக்காரர்கள் ஆறு பேர் சேர்ந்து தூக்கி வந்தார்கள்.

"பின்னாடி வெக்காதீங்க சார்," என்று மாரப்பன் சொல்லியிருக்கிறான். "வால்ல பாரம் ஏறுனா ட்ரெய்லர் ஆடும். ஜீப்ப ஒரடி முன்னால நகத்தறேன், அப்புறமேலு வெக்கலாம்."

"ஜீப்பை நகத்தினா அதை இழுத்துக் கட்டியிருக்கற வின்ச் கேபிளைக் கழட்டணும். அப்படியே வைங்கப்பா. பெட்டி பார்த்துக்கும்," என்றிருக்கிறான் அகிலேஷ்.

பெட்டி பார்த்துக்கொண்டது.

ஐந்தாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டி நேரான இறக்கம். கோமளவல்லியின் கையிலிருந்த டம்ளரில் தண்ணீர் இடமும் வலமுமாக அசைந்தது. அடுத்த அசைவு பெரிதாக இருந்தது. அடுத்தது அதைவிடப் பெரிதாக. இந்த ஆட்டம் அவளுக்குத் தெரியும். பாரத்தைச் சரியாக வைத்துத்தானே கட்டினோம் என்று பின் ஜன்னலுக்கு ஓடினாள். ட்ரெய்லரின் கடைசியில் சிம்மாசனம் மாதிரி கல் தொட்டி. அதற்கு முன்னால் ஜீப். ஜீப்பின் கண்ணாடிக்குப் பின்னால் மாரப்பன், ஓடாத ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ட்ரெய்லர் வலப்பக்கம் போகும்போதெல்லாம் இடப்பக்கம் ஒடித்துக்கொண்டிருந்தான்.

"ஆட்டம் வரம்பு மீறுகிறது," என்றது பெட்டி. அதே கனிவு. "கொக்கி கழற்றும் பரிசீலனை."

ரிதன்யா நாயைக் கட்டிக்கொண்டாள். அகிலேஷ் காப்பி மேடையைக் கட்டிக்கொண்டான். இடப்பக்கம் மலைச்சுவர், வலப்பக்கம் ஒன்றுமில்லை.

"பரிசீலனை நிராகரிக்கப்பட்டது. பின்னால் காளை உள்ளது. மாற்று வழி."

மாற்று வழி என்பது மலைச்சுவர். கேம்பர் தன் இடது விலாவைக் கொண்டுபோய்ப் பாறையில் சாய்த்தது. கோமளவல்லி மூன்று மாதம் பார்த்துப் பார்த்துப் பூசிய பெயிண்ட், ஜன்னல்கள், குளியலறைச் சுவர் எல்லாம் ஒரு நீண்ட கிறீச்சலோடு உரிந்து போயின. பதினெட்டு ஜோடி செருப்புகளும் அலமாரியை விட்டு வந்து அகிலேஷின் மேல் விழுந்தன. நூறு கஜம் தேய்ந்து வண்டி நின்றது.

ட்ரெய்லர் குறுக்காகக் கிடந்தது. அதன் வலச்சக்கரம் பாதி சாலையில், பாதி காற்றில். கல் தொட்டி உருண்டு போயிருந்தது. அது அடிவாரத்தைத் தொட்ட சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் கேட்டது. ஸ்டியரிங்கில் மோதித் தோள்பட்டை இறங்கிய மாரப்பனைக் கோமளவல்லி கதவைப் பிடுங்கி வெளியே எடுத்தாள்.

அகிலேஷ் இறங்கி வந்தான். பள்ளத்தை எட்டிப் பார்த்தான். சக்கரத்தைப் பார்த்தான். மாரப்பனைப் பார்த்தான். அவன் கண் கலங்கியதைக் கோமளவல்லி தன் கண்ணால் பார்த்தாள்.

"நல்லவேளை," என்றான் தழுதழுத்து. "ஜீப்புக்கு ஒண்ணும் ஆகல."

விசாரணைக்குத் திருவரங்கனே வந்தார். கோமளவல்லி எதையும் மறைக்கப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். உரிமம் போனாலும் போகட்டும். மாரப்பனும் கையைத் தூளியில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"சார், ட்ரெய்லர்ல காளை இல்ல. இவருதான் இருந்தாரு. வில்லைய நான்தான் குடுத்தேன். எழுதிக்குங்க."

திருவரங்கன் பேனாவை மூடினார். "என்னம்மா எழுதச் சொல்றீங்க? மனுஷன் ஏறக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. சட்டம் இருக்கற இடத்துல மனுஷன் எப்படி வருவான்?"

"இதோ தோள்பட்டை இறங்கி உட்கார்ந்திருக்காரே சார்."

"அவர் வீட்டுல வழுக்கி விழுந்திருப்பார். நான் மனுஷன்னு எழுதினா உங்க உரிமம் போகும், அந்தம்மாவும் ஐயாவும் கோர்ட்டுக்குப் போகணும், போன வருஷப் படகுக் கேஸையும் திறக்கச் சொல்லுவாங்க, என் பென்ஷனும் போகும். மாடுன்னு எழுதினா எல்லாருக்கும் நல்லது. இனத்தைக் காப்பாத்தினதுக்கு உங்களுக்கு இன்னொரு கடிதமும் வரும்."

எழுதினார். காளை ஒன்று, முன்னங்கால் தோள்பட்டையில் காயம், தேறி வருகிறது. சிகிச்சைச் செலவை இன்சூரன்ஸ் உடனே அனுப்பியது, ஒரு மூட்டைப் பருத்திக்கொட்டையும் சேர்த்து. மாரப்பனின் தோளைக் கட்டிய ஆஸ்பத்திரிச் செலவை அந்தப் பணத்தில்தான் அடைத்தார்கள்.

மாரப்பனுக்குக் கொடுத்த சத்தியம் கோமளவல்லியை உறுத்திக்கொண்டே இருந்தது. பட்டறையைப் பாதி நேரம் மூடிவிட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறினாள். படகில் போன சமையல்காரரின் மகளைத் தேடிப் பிடித்துக் கூட அழைத்துப் போனாள். ஏழு மாதம். கடைசியில் யாரோ ஒரு செயலாளர், இவள் முகத்தை மறுபடி பார்ப்பதைவிடக் கையெழுத்துப் போடுவது மேல் என்று முடிவு செய்து, படிவத்தில் ஒரு வரியைச் சேர்த்தார். 'பணியாளர் படுக்கை. எண்ணிக்கையில் ஒரு மனித உயிர்.' இனிமேல் பணியாளை அழைத்துப் போகிற கேம்பர் எல்லாவற்றிலும் கொக்கிக்கு முன்னால் அது இருந்தாக வேண்டும்.

அகிலேஷின் கேம்பர் பழுது பார்த்து ஓட ஆரம்பித்து ஆறு மாதமாகிவிட்டது. விதிப்படி அவனுக்கு நோட்டீஸ் போயிருந்தது. வேண்டா வெறுப்பாகச் சம்மதித்திருந்தான். கோமளவல்லி புது வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் அடுத்த பயணத்தில் நிற்கும் இடத்துக்கே போனாள். சேதியை நேரில் சொல்ல வேண்டும். ஏழு மாத அலைச்சலுக்கு அந்த முகத்தையாவது பார்க்க வேண்டும்.

மலையடிவாரத்தில் வேப்பமர நிழலில் கேம்பர் நின்றிருந்தது. ட்ரெய்லரில் ஜீப்புக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டி, வைக்கோல் பரப்பி, விசிறி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வைக்கோல் மேல் ஜமுக்காளம் விரித்து மாரப்பன் படுத்திருந்தான். அறிக்கையில் காளை என்று ஏறிவிட்டதால் வில்லை அவன் பையிலேயே தங்கிவிட்டது; காளைக்கு உரிமையாளர் என்று அகிலேஷின் பெயரும் ஏறியிருந்தது.

"வாங்கம்மிணி. ஒக்காருங்க. இன்னும் நாப்பது நிமிசம் ஓய்வு இருக்குது."

அவள் வரைபடத்தை விரித்தாள். "அண்ணா, வாங்கிட்டேன். பாருங்க. இது உங்க படுக்கை. மனுஷன்னே போட்டிருக்குது. இனி அந்த வில்லை வேண்டாம்."

மாரப்பன் எழுந்து உட்கார்ந்து, அந்த வரியின் மேல் விரல் வைத்துப் படித்தான். உதடு அசைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நெசமாவே வாங்கிட்டீங்க. எம் பேருக்கு இது போதுமுங்க." பிறகு காகிதத்தைத் திருப்பினான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "இதுல ஓய்வு எத்தன மணிக்கொருக்கான்னு போட்டிருக்குதுங்க?"

கோமளவல்லி கூட இருந்த விதிமுறைத் தாள்களைப் புரட்டினாள். இன்னொரு தடவை புரட்டினாள்.

"போடல அண்ணா."

"உச்சி வெயில்ல ஓட்டக் கூடாதுன்னு?"

"இல்ல."

"டாக்டரு?"

"இல்ல."

"மாட்டு டாக்டரு மாசம் ஒருக்கா போன் பண்றாருங்க. தீனி எடுக்குதா, ராத்திரி தூங்குதான்னு கேப்பாரு. இருபத்தாறு வருசத்துல சாப்புட்டியான்னு என்னயக் கேட்ட மொத ஆளு அவருதான்."

"அவருக்கு நீங்க யாருன்னு தெரியாதுண்ணா."

"தெரியாமீங்களா? போன மாசம் சக்கரை மாத்திரையப் பாதியாக் கொறைக்கச் சொன்னாரு."

மாரப்பன் வரைபடத்தை மெல்லச் சுருட்டி அவள் கையில் திருப்பிக் கொடுத்தான்.

"வெச்சுக்குங்க அம்மிணி. அடுத்தாப்புல வர்ற சின்னப் பசங்களுக்கு ஆகும். அவங்களுக்கு ஓய்வும் சேத்து வாங்கிக் குடுங்க. அதுவரைக்கும் நானு இப்படியே இருந்துக்கறேன். அந்தப் படுக்கைக்குப் போனா மறுக்காவும் டிரைவரு ஆயிருவேன்."

அப்போது பெட்டியின் குரல் கேட்டது. "காளைக்குத் தண்ணீர் காட்டும் நேரம். உரிமையாளர் மட்டும்."

கேம்பர் கதவு திறந்தது. அகிலேஷ் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். அவர்கள் இருவரையும் பார்க்காமல் ட்ரெய்லர் வரைக்கும் நடந்து வந்தான். வாளியை ஜமுக்காளத்துக்குப் பக்கத்தில் வைத்தான். ஒரு டம்ளரில் மொண்டு நீட்டினான். மாரப்பன் அவசரப்படாமல் குடித்து முடித்து, டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான்.

அகிலேஷ் போகவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றான்.

"போதுமான்னு கேக்கோணுமுங்க," என்று மாரப்பன் கோமளவல்லியிடம் தணிந்த குரலில் விளக்கினான். "கேட்டாத்தான் பெட்டி பச்சை காட்டும்."

அகிலேஷ் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"போதுமா?"

மாரப்பன் சற்று யோசித்தான்.

"இன்னொரு டம்ளரு," என்றான்.